846 எப்போது வரும்?

பிப்ரவரி மாதத்தின் பிற்பாதியில் அமெரிக்காவில் லட்சக்கணக்கான குடும்பங்கள் ஒரு மூன்றிலக்க எண்ணுக்காகக் காத்திருக்கின்றன: 846. மத்திய வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ். வைத்திருக்கும் கணக்கில் அந்த எண் ஏறிவிட்டால் ரீஃபண்ட் புறப்பட்டுவிட்டது என்று பொருள். தேய்ந்த டயரை மாற்றுவது, வாடகை பாக்கியைத் தீர்ப்பது, பல்வலிக்கு மருத்துவரைப் பார்ப்பது என்று எத்தனையோ வேலைகள் அதுவரை தள்ளிப்போடப்பட்டிருக்கும்.

சம்பளத்திலேயே வரி பிடிக்கும் முறை அங்கே 1943-இல், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வந்தது. பிடித்தம் ஒரு உத்தேசக் கணக்குதான். ஆண்டு முடிந்து படிவம் போட்டபின் கூடுதலாகப் பிடித்தது திரும்பி வரும். 1975-இல் இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. குறைந்த கூலிக்கு உழைப்பவர்களுக்கு, அவர்கள் கட்டிய வரியைவிட அதிகமாகவே அரசு தரும் உழைப்பு வருமானச் சலுகை அது. குழந்தைகளுக்கான வரிச் சலுகையில் ஒரு பகுதியும் இப்படிப் பணமாகவே கைக்கு வரும். ஆகவே ஓட்டலில் பாத்திரம் கழுவுகிற ஒரு தாய்க்கு ரீஃபண்ட் என்பது பல மாதச் சம்பளம் ஒரே நாளில் வந்து சேர்வது போல.

படிவத்தை இணையம் வழியாக அனுப்பினால் பெரும்பாலானவர்களுக்கு 21 நாட்களுக்குள் பணம் வந்துவிடும். நிலவரம் பார்க்க ஐ.ஆர்.எஸ். தளத்தில் ஒரு பக்கம் உண்டு. படிவம் கிடைத்தது, தொகை அனுமதிக்கப்பட்டது, பணம் அனுப்பப்பட்டது என்று அதில் மூன்றே கட்டங்கள். ஒரு நாளைக்கு ஒரு முறை, பெரும்பாலும் இரவில்தான் அது புதுப்பிக்கப்படும். பத்து முறை திறந்து பார்த்தாலும் பதில் மாறாது. எங்காவது சிக்கினால் ‘பரிசீலனையில் உள்ளது’ என்பதற்கு மேல் அது பெரும்பாலும் எதுவும் சொல்வதில்லை. அப்போதுதான் மக்கள் ட்ரான்ஸ்கிரிப்ட்டைத் தேடிப் போகிறார்கள்.

ட்ரான்ஸ்கிரிப்ட் என்பது ஐ.ஆர்.எஸ். வைத்திருக்கும் பதிவின் நகல். வரி செலுத்துபவர் கேட்டால் இலவசமாகக் கிடைக்கும். அதில் பல வகை. ஒன்று, அனுப்பிய படிவத்தில் இருந்த பெரும்பாலான விவரங்களைக் காட்டும். வீட்டுக் கடன், கல்லூரி உதவித்தொகை போன்றவற்றுக்கு இதைக் கேட்பார்கள். இன்னொன்று, முதலாளியும் வங்கியும் இவர் பெயரில் தெரிவித்த வருமானத்தைத் தொகுத்துத் தரும். இந்தியாவில் 26ஏஎஸ் என்ற வரிப் படிவத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது உடனே புரியும். ரீஃபண்டுக்குக் காத்திருப்பவருக்கு வேண்டியது மூன்றாவது வகை, கணக்கு ட்ரான்ஸ்கிரிப்ட். வங்கி பாஸ்புத்தகம் மாதிரி, நடந்த ஒவ்வொன்றும் அதில் ஒரு வரியாக விழும்.

பாஸ்புத்தகத்தில் சொற்கள் இருக்கும். இதில் முன்னால் நிற்பது எண்கள். காரணம் பழையது. தனிநபர்களின் வரிக் கணக்குகளைத் தாங்கும் மூலக் கோப்பு 1960-களில் உருவானது. மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க் நகரில், காந்த நாடாக்கள் சுழன்ற காலத்தில் தொடங்கிய அந்த அமைப்பு, அமெரிக்க அரசு இன்னும் நம்பியிருக்கும் மிகப் பழைய கணினி அமைப்புகளில் ஒன்று. அந்த இயந்திரத்துக்காக எழுதிய மூன்றிலக்கக் குறியீடுகளைத்தான் வாடகைக்குத் தவிக்கும் ஒருவர் இன்று கைப்பேசியில் பார்த்துப் பொருள் தேடுகிறார்.

ஒரு குழந்தையோடு தனியாக இருக்கும் அந்தத் தாயின் 2024-ஆம் ஆண்டுக் கணக்கு எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். புரிவதற்காக எல்லாம் முழு எண்கள். முதலில் 150: படிவம் பதிவானது, வரி 0 டாலர். அடுத்தது 806: சம்பளத்தில் பிடித்த வரி, மைனஸ் 1,100. அதன்கீழ் 766: குழந்தைக்கான சலுகை, மைனஸ் 1,700. பிறகு 768: உழைப்பு வருமானச் சலுகை, மைனஸ் 4,000. மேலே கணக்கு நிலுவை மைனஸ் 6,800 என்று நிற்கும்.

மைனஸைப் பார்த்துப் பலர் பதறிவிடுகிறார்கள். இங்கே மைனஸ் என்றால் அரசு இவருக்குத் தர வேண்டியது. 846 என்ற வரியில் 6,800 டாலர் ஏறியதும் நிலுவை பூஜ்யமாகிவிடும்.

தொகையைவிடத் தேதிகள்தான் அதிகம் ஏமாற்றும். தாளின் மேற்பகுதியில் ‘இந்தத் தேதி நிலவரப்படி’ என்று ஒன்று இருக்கும். அது சில வாரம் தள்ளிய நாளாக இருந்தால் பணம் அன்றைக்கு வரும் என்று நம்பி, வீட்டுக்காரரிடம் தவணை சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. உண்மையில் அது வட்டியும் அபராதமும் எதுவரை கணக்கிடப்பட்டன என்பதைக் காட்டும் தேதி மட்டுமே. 806, 768 வரிகளுக்கு நேரே ஏப்ரல் 15 என்று இருப்பதும் அப்படித்தான். அந்தத் தொகைகள் கணக்கில் வரவு வைக்கப்படும் நாள் அது. பணம் வரும் நாளைச் சொல்வது 846-க்கு நேரே உள்ள தேதி ஒன்றுதான்.

150-க்கு அருகே எட்டிலக்க எண் ஒன்றும் இருக்கும். உதாரணமாக 20250605. முதல் நான்கும் ஆண்டு, அடுத்த இரண்டு அந்த ஆண்டின் எத்தனையாவது வாரம், கடைசி இரண்டு கிழமை. 01 என்றால் வெள்ளி, 02 திங்கள், அப்படியே போய் 05 வியாழன். 05 என்று முடியும் கணக்குகள் பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு முறை மொத்தமாகப் பதிவாகின்றன. அதனால் நடுவாரத்தில் மாற்றம் இல்லையே என்று கலங்க வேண்டியதில்லை.

கலங்க வைக்கும் எண் 570. கணக்கில் ஏதோ சரிபார்க்க வேண்டியிருக்கிறது, பணம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்பது இதன் பொருள். முதலாளி அனுப்பிய டபிள்யூ-2 என்ற சம்பள விவரத்தோடு படிவம் பொருந்தாமல் இருக்கலாம், ஒரு சலுகையை ஆராய்ந்துகொண்டிருக்கலாம். 570 என்றாலே தணிக்கை என்று பயப்படத் தேவையில்லை. தணிக்கைக்கு 420 என்று தனி எண் உண்டு. 570-ஐ அடுத்து 971 வந்தால் ஒரு கடிதம் அனுப்பப்படுகிறது என்று அர்த்தம். அந்தக் கடிதம் கைக்கு வரும்வரை காத்திருந்து, அதில் கேட்டதைச் செய்வதே நல்லது. அவசரப்பட்டு திருத்தப் படிவம் அனுப்பினால் விஷயம் இன்னும் சிக்கலாகும். 571 வந்தால் தடை நீங்கிவிட்டது.

அடையாளத்தை உறுதிப்படுத்தச் சொல்லும் 5071சி என்ற கடிதம் வந்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. உறுதிப்படுத்திய பிறகே படிவம் நகரும். அதற்கப்புறமும் 9 வாரம் வரை ஆகலாம். வேறொருவர் இவர் பெயரில் முன்பே படிவம் போட்டுப் பணத்தைச் சுருட்டியிருந்தால் நிலைமை மோசம். அப்படித் திருட்டுக்கு ஆளானவர்களின் கணக்கைச் சீர்செய்ய அண்மை ஆண்டுகளில் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. எந்தத் தவறும் செய்யாத மனிதர் இரண்டு வருடம் தன் பணத்துக்குக் கையேந்தி நிற்பது கொடுமை.

ஏழைகளின் காத்திருப்பு சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. 2015-இல் நிறைவேறிய ஒரு சட்டப்படி, உழைப்பு வருமானச் சலுகையோ குழந்தைகளுக்கான கூடுதல் சலுகையோ கேட்பவர்களுக்கு பிப்ரவரி நடுப்பகுதிக்கு முன் ரீஃபண்ட் தரக் கூடாது. சலுகைத் தொகை மட்டுமல்ல, முழுத் தொகையும் நிறுத்தப்படும். சம்பள விவரங்களை முதலாளிகள் ஜனவரி 31-க்குள் கொடுத்துவிட்டால், மோசடிப் படிவங்களைப் பணம் போவதற்கு முன்பே பிடித்துவிடலாம் என்பது நோக்கம். நோக்கத்தில் குறையில்லை. ஆனால் ஜனவரியிலேயே படிவம் போட்ட வசதியானவருக்குப் பணம் முதலில் வந்துவிடுகிறது. குளிர்காலச் சூடேற்றும் கட்டணத்துக்குத் திண்டாடும் குடும்பம் பிப்ரவரி இறுதிவரை நிற்கிறது.

846 வந்தும் தொகை குறைந்திருந்தால் 898 இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழந்தை பராமரிப்பு பாக்கி, மத்திய அரசுக்குத் தர வேண்டிய வேறு கடன்கள், மாநில வருமான வரி பாக்கி ஆகியவற்றுக்கு ரீஃபண்டிலிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்பதை அது காட்டும். கணவரின் பழைய கடனுக்கு மனைவியின் பங்கும் போய்விட்டால், 8379 என்ற படிவம் போட்டு அவர் தன் பங்கைத் திரும்பக் கேட்கலாம். பலருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரிவதில்லை.

தமிழ்நாட்டிலிருந்து அங்கே வேலைக்குப் போனவர்களுக்கு வேறொரு தாமதம். சார்பு விசாவில் உள்ள மனைவிக்கோ கணவருக்கோ சமூகப் பாதுகாப்பு எண் இல்லையென்றால், கூட்டாகப் படிவம் போட ஐடின் என்ற வரி எண் வேண்டும். அந்த விண்ணப்பத்தோடு வரிப் படிவத்தையும் இணைத்து டெக்சாஸின் ஆஸ்டினுக்கு அஞ்சலில் அனுப்புகிறார்கள். எண் கிடைக்கவே 7 வாரம் ஆகலாம், நெரிசல் காலத்தில் 9 முதல் 11 வாரம். அதன் பிறகுதான் வரிக் கணக்கையே தொடுவார்கள். வீடு மாறியவர்கள் முகவரி மாற்றத்தை உடனே தெரிவிக்க வேண்டும்; அஞ்சலில் கேட்கும் ட்ரான்ஸ்கிரிப்ட் பதிவில் உள்ள பழைய முகவரிக்கே போய்ச் சேரும்.

ஏப்ரல் 15 அல்லது படிவம் போட்ட நாள், இவற்றில் பிந்தியதிலிருந்து 45 நாட்களுக்குள் பணம் தராவிட்டால் ஐ.ஆர்.எஸ். வட்டி தர வேண்டும். 2025-இல் அது ஆண்டுக்கு 7 சதவீதம். அதற்கான எண் 776. இந்த வட்டிக்கும் அடுத்த ஆண்டு வரி உண்டு.

வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டது, மின்சாரம் துண்டிக்கப்படப் போகிறது என்ற நிலையில் இருப்பவர்கள் வட்டிக்காகக் காத்திருக்க முடியாது. அவர்களுக்காக ஐ.ஆர்.எஸ்-க்கு உள்ளேயே தனித்து இயங்கும் வரி செலுத்துவோர் உதவிப் பிரிவு இருக்கிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஓர் அலுவலகம். அங்கே கொடுக்கும் படிவத்தின் எண் 911. அமெரிக்காவில் அவசர உதவிக்கு அழைக்கும் எண்ணும் அதுவே. தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் முறையிட்டாலும் அவர்கள் விசாரித்துச் சொல்வார்கள்.

அந்தத் தாயின் 6,800 டாலருக்குத் திரும்பினால், கடைசியாக ஓர் இடறல். படிவம் போட்டுத் தருகிற தனியார் கடைகளில் கட்டணத்தை ரீஃபண்டிலேயே கழித்துக்கொள்ளச் சம்மதித்திருந்தால், பணம் முதலில் இடைவங்கி ஒன்றின் தற்காலிகக் கணக்குக்குப் போகும். 846 தேதியன்று வந்திருக்க வேண்டியது ஓரிரு நாள் தாமதமாக, கட்டணம் போக மிச்சமாகத்தான் அவர் கணக்கில் சேரும். அதே படிவத்தை நூலகங்களிலும் சமுதாயக் கூடங்களிலும் விட்டா என்ற தன்னார்வத் திட்டத்தில் பயிற்சி பெற்றவர்கள் இலவசமாகவே போட்டுத் தருகிறார்கள். பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை அவை திறந்திருக்கும்.