ரோட்டில் கொட்டும் உப்பு எங்கே போகிறது? கனடா நகரங்களின் குளிர்காலக் கணக்கு!

டொரன்டோ பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தால், ஜனவரி மாத வீடியோ காலில் இந்தப் புலம்பலைக் கேட்டிருப்பீர்கள்: "ஷூ முழுக்க வெள்ளைத் திட்டு, காருக்கு அடியில துரு, நாய்க்குப் பாதமெல்லாம் வெடிச்சுப்போச்சு." இத்தனைக்கும் காரணம் பனி இல்லை, உப்பு! நம்ம வீட்டுக் கல் உப்பு என்னவோ அதே சோடியம் குளோரைடுதான், சுத்தம் மட்டும் கொஞ்சம் குறைவு. டொரன்டோ மாநகராட்சி மட்டுமே ஒரு குளிர்காலத்துக்குச் சராசரியாக சுமார் 1,30,000 டன் தூவுகிறது. கனடா முழுக்க என்றால் வருஷத்துக்கு சுமார் 50 லட்சம் டன். ஒன்டாரியோவின் காடரிச் ஊரில், ஹியூரான் ஏரிக்கு அடியில் 500 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் இருக்கிறது. ஆக, உப்புக்குப் பஞ்சமே இல்லை.

விழுந்த பனி மொத்தத்தையும் உருக்கத்தான் உப்பு போடுகிறார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். அது இல்லை. தண்ணீர் 0 டிகிரியில் உறையும். உப்புத் தண்ணீர் உறைய இன்னும் குளிர வேண்டும். அதனால் உப்பு போட்ட ரோட்டில் ஐஸ் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளாது. ஒட்டாத பனியை, முன்னால் பெரிய தகடு மாட்டிய லாரி வந்து வழித்துத் தள்ளிவிடும். ஆனால் -10 டிகிரிக்குக் கீழே போனால் சாதா உப்பு மந்தமாகிவிடும். வின்னிபெக் மாதிரி கடுங்குளிர் ஊர்களில் மணலை அதிகம் நம்புவது இதனால்தான். மணல் எதையும் உருக்காது, டயருக்குப் பிடிமானம் கொடுக்கும், அவ்வளவுதான்.

சரி, எந்த ரோட்டை எப்போது சுத்தம் செய்வது? இதை மாநகராட்சி அதிகாரி தன் இஷ்டத்துக்கு முடிவு செய்வதில்லை. எத்தனை வண்டி போகிறது, என்ன வேகத்தில் போகிறது என்பதை வைத்து ஒன்டாரியோ மாகாணம் சாலைகளை வகுப்புகளாகப் பிரித்திருக்கிறது. முதல் வகுப்புச் சாலையில் பனி 2.5 செ.மீ. சேர்ந்துவிட்டால் 4 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும். ஐந்தாம் வகுப்புத் தெருவுக்கு 10 செ.மீ., 24 மணி நேரம். இந்தக் கெடுவைக் காப்பாற்றினால், விபத்து வழக்கு வந்தாலும் கோர்ட்டில் மாநகராட்சிக்கு அது கவசம். "எங்க தெருவுக்கு மட்டும் வண்டியே வரலை" என்ற கோபத்துக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த வகுப்புக் கணக்குதான் இருக்கும்.

கொட்டின உப்பு கரைஞ்சு போயிடுமா?

கரையும், ஆனால் காணாமல் போகாது. வசந்த காலத்தில் பனி உருகும்போது ஓடை, ஏரி, நிலத்தடி நீர் என்று எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். இங்கே உப்பைத் தின்பது தண்ணீரேதான். நீர்வாழ் உயிர்களைக் காக்க, ஒரு லிட்டரில் 120 மில்லிகிராம் குளோரைடுதான் நீண்ட கால வரம்பு என்கிறது கனடாவின் வழிகாட்டுதல். நகரத்து ஓடைகள் குளிர்காலத்தில் இதைச் சர்வசாதாரணமாகத் தாண்டுகின்றன.

மனிதர்களுக்கும் பங்கு உண்டு. வழக்கமான குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் உப்பைப் பிரிக்காது. அதற்கு நம்ம ஊர் வீடுகளில் மாட்டியிருக்கிற ஆர்.ஓ. மாதிரியான அமைப்பு வேண்டும். ஒரு நகரத்துக்கே அதைப் போடுவதென்றால் செலவை யோசித்துப் பாருங்கள். குடிநீரில் சோடியம் லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டினால் உள்ளூர் சுகாதார அதிகாரிக்குத் தகவல் போக வேண்டும் என்பது ஒன்டாரியோ விதி. பி.பி., இதய நோய்க்காக உப்பைக் குறைத்தவர்களுக்கு டாக்டர்கள் மூலம் விஷயம் போகத்தான். கிணற்று நீரைப் பெரிதும் நம்பியிருக்கும் வாட்டர்லூ பகுதியில் இந்தக் கவலை ரொம்பவே அதிகம்.

2001-லேயே கனடா அரசின் ஆய்வு, சாலை உப்பு சுற்றுச்சூழலுக்குத் தீங்கு என்று சொல்லிவிட்டது. அதற்காகத் தடை செய்ய முடியுமா? வழுக்கி விழுந்தால் உயிர் போகும். எனவே 2004-ல், வருஷத்துக்கு 500 டன்னுக்கு மேல் பயன்படுத்துவோர் உப்பு மேலாண்மைத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று நெறிமுறை வந்தது. கட்டாயமில்லை, விருப்பத்தின் பேரில்தான்.

அப்படியும் பல நகரங்கள் மாறியிருக்கின்றன. பனி விழும் முன்பே 23 சதவிகித உப்புக்கரைசலைக் கோடு கோடாகத் தெளித்துவிடுகிறார்கள். முன்கூட்டியே போடுவதால் குறைந்த உப்பே போதும். உலர்ந்த உப்பு ரோட்டில் பட்டுத் துள்ளி ஓரத்துக்குப் போய்விடும் என்பதால் ஈரப்படுத்தித் தூவுகிறார்கள். காற்றின் குளிரைவிட ரோட்டின் குளிர்தான் முக்கியம் என்பதால் அதற்கும் சென்சார். கால்கரியில் பீட்ரூட் வகைச் சாறு கலந்து பார்த்தார்கள். அமெரிக்காவின் மில்வாக்கியில் சீஸ் தயாரித்து மிஞ்சிய உப்புநீரையே ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் இவையெல்லாம் உப்போடு சேரும் துணைதான், மாற்று இல்லை.

என்னைக் கேட்டால், மாநகராட்சியைவிடப் பெரிய தலைவலி மால், அபார்ட்மென்ட் பார்க்கிங்தான். யாராவது விழுந்து கேஸ் போட்டுவிடுவார்களோ என்ற பயத்தில், ஒப்பந்தக்காரர்கள் மூட்டை மூட்டையாகக் கொட்டுவார்கள். இந்தப் பயத்தைத் தொட்டது அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம். உப்பைக் குறைவாகத் தூவும் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் பெற்ற ஒப்பந்தக்காரருக்கு, அங்கே வழக்கிலிருந்து ஓரளவு சட்டப் பாதுகாப்பு உண்டு.

வீட்டு வாசலுக்கு எவ்வளவு போடலாம்? மின்னசோட்டா மாநில மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லும் அளவு எளிது: 20 அடி நீள கார் பாதைக்கு ஒரு காபி மக் நிறைய போதும். முதலில் பனியை அள்ளிவிட்டு, அப்புறம்தான் உப்பு. குளிர் -10-ஐத் தாண்டிய நாளில் மணல். வெயில் வந்ததும் தரையில் மிஞ்சிக் கிடக்கிற உப்பைப் பெருக்கி டப்பாவில் போட்டு வைத்தால், அடுத்த பனிக்கு ஆகும்.