ஒரு ரீலும் இரண்டு கார்டும்

“அயர்லாந்துக்குப் போய் ரீல் வாசித்தேன்” என்று வானொலி நிலையத்தில் சொன்னேன். காலை நிகழ்ச்சிக் குழுவில் ஒருவரும் நம்பவில்லை. ஒருவர், “இன்ஸ்டாகிராமில் காணோமே?” என்றார். இன்னொருவர், “சும்மா ரீல் விடாதே” என்று முடித்துவிட்டார்.

நான் சொன்னது வேறு ரீல். அயர்லாந்தின் மரபு நடன இசையில் ஒரு மெட்டு வகைக்கு அந்தப் பெயர். நான்கு எண்ணிக்கை கொண்ட ஓர் அளவை இசைக்காரர்கள் ‘பார்’ என்பார்கள். எட்டு பாரில் ஒரு பகுதி, அடுத்த எட்டு பாரில் இன்னொரு பகுதி. ஒவ்வொன்றையும் இருமுறை வாசித்தால் 32 பார், ஒரு சுற்று முடிந்தது. நல்ல வேகத்தில் அதற்குச் சுமார் 35 விநாடிதான். விநாடிக்கு ஏழு சுரம் என்று ஓடும்.

கிள்ளானில் என்னோடு படிவம் ஆறு வரை படித்த நண்பன், டப்ளினில் மருத்துவம் முடித்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டான். கடந்த ஜூன் மாதம் கிளேர் மாவட்டத்தின் என்னிஸ் நகரில் அவனுக்குத் திருமணம். மணமகள் அந்த ஊர்ப் பெண். விருந்தில் மணமகளின் அப்பா வயலினில் ‘கூலீஸ் ரீல்’ வாசிப்பார், நான் கிட்டாரில் துணை வாசிக்க வேண்டும் என்று சொல்லி, வாட்ஸ்அப்பில் ஓர் ஒலிப்பதிவை அனுப்பியிருந்தான்.

கூலி என்றதும் சம்பளம் நினைவுக்கு வர வேண்டாம். கால்வே மாவட்டத்தில் 1924-இல் பிறந்து, 1973-இல் மறைந்த அக்கார்டியன் கலைஞர் ஜோ கூலியின் பெயரால் வழங்கும் மெட்டு அது.

பள்ளிக் காலத்திலிருந்தே கிட்டார் வாசிக்கிறேன். மெட்டு ‘இ’ சுரத்தில் வந்து அமர்கிறது, லேசான சோகம் தெரிகிறது. ஆகவே இ மைனர் என்று முடிவு கட்டினேன். இ மைனர், சி, ஜி, டி. எத்தனையோ சினிமாப் பாடல்களுக்குக் கைகொடுத்த வரிசை. ஒரே மாலையில் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

திருமணத்துக்கு முதல் நாள் இரவு அவர் வீட்டுச் சமையலறையில் ஒத்திகை. மணி ஒன்பதரை, வெளியே இன்னும் வெளிச்சம். பழக்கதோஷத்தில் அவரை ‘அங்கிள்’ என்றேன், சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார். வாசிக்கத் தொடங்கினோம். முதல் பகுதி முடிவதற்குள் வில்லை நிறுத்தினார். மறுபடி தொடங்கினோம், மறுபடி நின்றது. மூன்றாம் முறை வயலினை மேசைமேல் வைத்துவிட்டு, “தேநீர் போடட்டுமா?” என்றார்.

நண்பன் என்னை வாசல் பக்கம் அழைத்துப்போய் அப்போதுதான் விஷயத்தைச் சொன்னான். முப்பது ஆண்டுகளாக அந்த மெட்டுக்குப் பியானோவில் துணை வாசித்தவர் அவருடைய மனைவி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் தவறிவிட்டார். அதன் பிறகு அவர் அந்த ரீலைத் தொடவில்லை. மகள் கேட்டுக்கொண்டதால்தான் சம்மதித்தார்.

“இதை ஏன்டா முன்னமே சொல்லல?”

“சொல்லியிருந்தா நீ வந்திருக்க மாட்ட.”

உண்மைதான். நான் உட்கார்ந்தது இன்னொருவருடைய இடம்.

அன்றிரவு தங்கும் விடுதியில் கிட்டாரைத் தொடாமல், மெட்டை மெதுவாக வாயால் பாடிப் பார்த்தேன். சிறுவயதில் அம்மா வலுக்கட்டாயமாக அனுப்பிய வாய்ப்பாட்டு வகுப்பு அப்போதுதான் உதவியது. ‘இ’யை சட்ஜமாக வைத்துக்கொண்டு பாடினால், ஏழாவது பாரில் வரும் தைவதம் நான் நினைத்ததைவிட ஒரு படி மேலே இருந்தது. அதாவது சி இல்லை, சி ஷார்ப். நான் நடபைரவியின் சுரங்களை நினைத்து கார்ட் போட்டேன். மெட்டோ கரஹரப்பிரியாவின் சுரங்களில் நடக்கிறது. மேற்கத்திய இசையில் இதை ‘டோரியன்’ என்பார்கள். ஒரே ஒரு சுரம்தான் வித்தியாசம். ஆனால் என் சி கார்ட் ஒலிக்கும்போதெல்லாம் மெட்டின் நிறமே மாறிப்போனது.

அயர்லாந்து இசையில் இந்தச் சிக்கல் புதிதல்ல. அது கார்ட்களை மனத்தில் வைத்துப் பிறந்த இசை இல்லை. நம் மரபு இசையைப் போல ஒற்றை மெட்டாக வளர்ந்தது. 1920-களில் ஸ்லைகோ மாவட்டத்து வயலின் மேதை மைக்கேல் கோல்மன் நியூயார்க்கில் பதிவு செய்த இசைத்தட்டுகளில்கூட, பியானோ ஒரு பக்கமும் மெட்டு ஒரு பக்கமுமாகப் போகும் இடங்கள் உண்டு. கிட்டார் இந்த இசையில் நிலைபெற்றது இன்னும் பிந்தித்தான். 1970-களில் ‘பாத்தி பேண்ட்’ குழுவின் மீஹால் ஓ டோனல் போன்றவர்கள் தந்திகளை டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று மாற்றிச் சுருதி சேர்த்து வாசித்தார்கள். மேஜரா மைனரா என்று காட்டிக்கொடுக்கும் சுரத்தை ஒலிக்காமல், தம்புராபோல ஆதார சுருதியை ரீங்கரிக்க விட இது வசதி.

ஒரே இரவில் அந்த முறையைக் கற்க முடியாது. ஆனால் அதன் பாடத்தை எடுத்துக்கொள்ளலாம். மெட்டு எங்கே இளைப்பாறுகிறது என்று முதலில் கேட்டேன். முதல் இரண்டு பார் இ-யைச் சுற்றுகிறது. அடுத்த இரண்டு பார் அப்படியே ஒரு படி கீழே இறங்கி டி-யில் நிற்கிறது. பிறகு மறுபடி இ, கடைசியில் டி வழியாக வீடு திரும்புகிறது. இரண்டாம் பகுதியும் கிட்டத்தட்ட அதே நடை. இ மைனர், டி மேஜர். அவ்வளவுதான்! இந்த இரண்டு கார்டிலேயே அந்த ஏழு சுரங்களில் ஆறு அடங்கிவிடுகின்றன. ஒவ்வொரு சுரத்துக்கும் கார்ட் மாற்ற வேண்டியதில்லை. இரண்டு பாருக்கு ஒருமுறை போதும். சந்தேகமான இடத்தில் நடு சுரத்தை விட்டுவிடலாம். அதைவிடச் சந்தேகம் என்றால், கையை எடுத்துவிடலாம்.

வானொலியில் எங்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடமும் இதுதான்: பாடகர் வாய் திறப்பதற்குள் நீ வாயை மூடு. பத்து ஆண்டுகளாக அதைச் செய்துவரும் எனக்கு, கிட்டாரைக் கையில் எடுத்ததும் மறந்துபோயிருந்தது.

மறுநாள் விருந்தில் முதல் சுற்றை அவரைத் தனியாக வாசிக்க விட்டேன். வில் கொஞ்சம் நடுங்கியது. இரண்டாம் சுற்றில் இ மைனரை மெல்லத் தொட்டேன். அவர் நிறுத்தவில்லை. மூன்றாம் சுற்றில் அவருடைய கால் தரையில் தாளம் போட ஆரம்பித்தது. மணமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆட இறங்கினாள். கிள்ளானிலிருந்து பட்டுச்சேலையில் வந்திருந்த நண்பனின் அம்மாவும் கைதட்டிக்கொண்டே பின்னால் போனார்.

முடிந்ததும் அவர் என் அருகில் வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

“ஏழாவது பாரின் பின்பாதியில் அவள் ஒரு பி மைனர் போடுவாள்” என்றார்.

இப்போது தினமும் அதைத்தான் பழகிக்கொண்டிருக்கிறேன். அடுத்த ஜூனில் வரச்சொல்லியிருக்கிறார்.