படித்தற்குரிய தன்வரலாறுகள்

பெயர் பெற்ற ஒருவர் தம் வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டார் என்று கேட்டதும் அந்நூலைப் பெறுதற்குப் பலர் முந்துவர். நூல்நிலையத்திலே பெயரைப் பதிந்துவிட்டு முறை வரும்வரை காத்திருப்போரும் உளர். எனினும், கையிற் கிடைத்த நூலை முடிவுவரை படிப்போர் எல்லாரும் அல்லர். முதல் நூறு பக்கங்களில் ஏழைச் சிறுவன் ஒருவன் உயிரோடு உலாவுவான். அடுத்த நூறு பக்கங்களில் விருந்துகளும் பாராட்டுகளும் வரும். ஈற்றில் நிழற்படங்கள் மாத்திரமே கண்ணைக் கவரும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பது பழமொழி. தன் வாழ்க்கை எவருக்கும் பொன்னாகவே தோன்றும். அவ்வாறாயின், பிறர் தம் பொழுதைச் செலவிட்டுப் படித்தற்குத் தக்க தன்வரலாறு யாது? அதனைத் தெரிந்தெடுப்பது எங்ஙனம்?

பிறப்பு முதலாகத் தன் வாழ்க்கையைத் தொடர்ச்சியாகச் சொல்வது சுயசரிதை. வாழ்க்கையின் ஒரு பகுதியையோ தான் கண்டு பழகிய மனிதரையோ நிகழ்ச்சிகளையோ பற்றி எழுதுவது நினைவுக் குறிப்பு. இரண்டிற்கும் பொதுவான இடர் ஒன்றுண்டு. நீதிமன்றத்திலே சாட்சி சொல்பவரை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்வார். தன்வரலாறு எழுதுபவரோ தாமே சாட்சி, தாமே வழக்கறிஞர், தாமே நீதிபதி. ஆகவே குறுக்கு விசாரணை செய்யும் பொறுப்பு வாசகரைச் சார்கிறது. அவர் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. ஆசிரியர் தமக்குப் பாதகமான செய்திகளையும் சொல்லுகிறாரா? அவரைச் சூழ்ந்திருந்த மாந்தர் உயிரோடு காட்சி தருகின்றனரா? எதனைச் சொல்லாது விட்டிருக்கிறார்? புகழ்பெற்ற சில நூல்களை இம்மூன்று கேள்விகளாலும் உரைத்துப் பார்த்தல் பயன் தரும்.

அமெரிக்கராகிய பெஞ்சமின் பிராங்கிளின் 1706ஆம் ஆண்டிற் பிறந்தவர். அச்சுத் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கிப் பின்னர் விஞ்ஞானியாகவும் அரசியலறிஞராகவும் உயர்ந்தவர். 1771ஆம் ஆண்டில், இங்கிலாந்திலே ஒரு நண்பர் இல்லத்திற் தங்கியிருந்தபோது, தம் மகனுக்கு எழுதும் கடிதமாகவே அவர் தன்வரலாற்றைத் தொடங்கினார். இளமையில் இழைத்த தவறுகளை அச்சுக்கூடத்து வழக்கிலே ‘பிழைகள்’ என்று அவர் குறிப்பிடுவர். தமையனிடம் தொழில் பழகக் கட்டுப்பட்டிருந்தவர் 1723இல் ஒப்பந்தத்தை மீறிப் பிலதெல்பியாவுக்கு ஓடிப்போனது ஒரு பிழை. வேறொருவர் நம்பிக் கொடுத்த பணத்தை எடுத்துச் செலவழித்தது மற்றொன்று. தமக்கு மனைவியாக வரவிருந்த பெண்ணுக்கு இலண்டனிலிருந்து ஒரேயொரு கடிதம் மாத்திரம் எழுதியது பிறிதொன்று. அடுத்த பதிப்பிலே பிழை திருத்துவதுபோல வாழ்க்கையையும் திருத்தலாம் என்பது அச்சாளர் கொண்ட நம்பிக்கை. கட்டுரை எழுதப் பழகுவோருக்கு அந்நூலில் நல்லதொரு வழியும் உண்டு. சிறந்த கட்டுரைகளுக்குச் சுருக்கக் குறிப்பெழுதி வைத்து, சில நாட்கள் கழிந்தபின் அக்குறிப்புகளைக்கொண்டு தம் சொற்களிலே மீண்டும் எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் தம் குறைகளை அவர் கண்டுகொண்டார்.

ஆயினும் மூன்றாவது கேள்வியை இங்கே மறத்தல் ஆகாது. எந்த மகனை நோக்கி நூல் தொடங்கியதோ அந்த மகன் அமெரிக்க விடுதலைப் போரிலே பிரித்தானிய மன்னர் பக்கம் நின்றார். தந்தைக்கும் மகனுக்கும் இடையே தோன்றிய பிளவு பின்னர் முற்றாக ஆறவில்லை. நூலிலே அப்பிளவின் கதை இல்லை. 1790இல் ஆசிரியர் இறந்தபோது வரலாறு விடுதலைப் போரை எட்டியிருக்கவில்லை. திருத்த முடியாத பிழை ஒன்றும் வாழ்க்கையில் இருத்தல் கூடும் என்பதை நூலின் வெளியே நின்றுதான் வாசகர் அறிகிறார்.

ஹெலன் கெல்லர் 1903ஆம் ஆண்டில், கல்லூரி மாணவியாயிருந்த காலத்திலே, தம் வாழ்க்கைக் கதையை நூலாக வெளியிட்டார். பத்தொன்பது மாதக் குழந்தையாயிருந்தபோது வந்த நோயினாற் கண்ணொளியையும் செவிப்புலனையும் இழந்தவர் அவர். 1887ஆம் ஆண்டு வசந்த காலத்திலே, நீர்க்குழாயிலிருந்து ஒரு கையிலே தண்ணீர் பாய, மறுகையிலே ஆசிரியை ஆன் சலிவன் அதன் பெயரை எழுத்தெழுத்தாக விரலால் எழுத, பொருள்களுக்குப் பெயர் உண்டு என்பது அச்சிறுமிக்கு விளங்கியது. இக்காட்சியைப் பலரும் அறிவர். பலர் அறியாத பகுதி வேறொன்று. பதினொரு வயதில் அவர் ஒரு சிறுகதை எழுதித் தாம் பயின்ற நிலையத்தின் தலைவருக்குப் பிறந்தநாட் பரிசாக அனுப்பினார். அது அச்சாகிப் பாராட்டும் பெற்றது. பின்னர், ஏற்கெனவே வெளியான மார்கரெட் கன்பி என்பவரின் கதை ஒன்றோடு அது பெரிதும் ஒத்திருந்தமை தெரியவந்தது. ஆசிரியையை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டு, நிலையத்தார் கூடியிருந்து சிறுமியை விசாரித்தனர்.

எப்போதோ கையிலே எழுதிக் காட்டப்பட்ட கதை, கேட்டது மறந்து, தன் கற்பனைபோல மனத்திலிருந்து எழுந்தது என்பதே அவர் தரும் விளக்கம். தம் எண்ணம் எது, படித்த எண்ணம் எது என்று தம்மால் எப்பொழுதும் பிரித்தறிய இயலவில்லை என்றும் அவர் ஒளியாது எழுதுகிறார். எழுதுகோலை எடுக்கவே அஞ்சிய அச்சிறுமியைத் தன் வாழ்க்கையைப் பற்றியே எழுதும்படி ஆசிரியை தூண்டினார். பாராட்டால் மாத்திரம் புகழ்பெற்றிருக்கக்கூடிய ஒருவர், தம்மீது சுமத்தப்பட்ட களவுக் குற்றத்தைத் தாமே விரித்துரைத்தமையால் அந்நூல் நம்பகம் பெறுகிறது. பிறர் கட்டுரையைப் பார்த்தெழுதிய மாணவனைக் கண்டிக்குமுன் ஆசிரியர்கள் இந்த அத்தியாயத்தை ஒருமுறை படித்தல் நலம்.

காந்தியடிகளின் ‘சத்திய சோதனை’ 1925ஆம் ஆண்டு முதல் 1929ஆம் ஆண்டு வரை ‘நவஜீவன்’ வார இதழிலே குசராத்தி மொழியில் தொடராக வெளிவந்தது. 1927 நவம்பரில் அவர் இலங்கைக்கு வந்தபோது தொடர் இன்னும் முடிந்திருக்கவில்லை. இன்று சரியென்று எழுதியதை நாளை தவறென்று கைவிட நேர்ந்தால் என் செய்வது என்று நண்பர் ஒருவர் எழுப்பிய ஐயத்தையும் முன்னுரையிலே அவர் குறித்துள்ளார். அதனாலேயே தாம் எழுதுவது முடிந்த முடிபன்று, சோதனைகளின் பதிவு என்கிறார். பதினைந்தாம் வயதிலே தமையனின் கடனை அடைப்பதற்காக அவரது காப்பிலிருந்து சிறிது பொன்னைத் திருடியதும், அதனை எழுத்திலே தந்தையிடம் ஒப்புக்கொண்டதும், தந்தை கண்ணீர் சிந்தி அக்கடிதத்தைக் கிழித்ததும் அதில் உள்ளன. தென்னாபிரிக்காவில் மனைவியாரோடு பிணங்கி, அவரை வாயில்வரை இழுத்துச் சென்றதையும் மறையாது எழுதியுள்ளார். மனைவியாரின் பொறுமையை அறிய உதவும் அப்பகுதி, கணவரின் பெருமையைச் சிறிதும் கூட்டுவதன்று.

அந்நூலிலே தமிழர் ஒருவரும் இடம்பெறுகிறார். நேட்டாலிலே ஒப்பந்தக் கூலியாயிருந்த பாலசுந்தரம், முதலாளியால் அடிக்கப்பட்டு, முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயிலே குருதி ஒழுக, தலைப்பாகையைக் கழற்றிக் கையிற் பிடித்தபடி காந்தியடிகளின் முன் வந்து நின்றார். தலைப்பாகையை அணிந்துகொள்ளும்படி அடிகள் சொன்னார். பிறரைத் தாழ்த்தித் தாம் மதிப்படைந்ததாக மனிதர் கருதுவது எவ்வாறு என்ற வியப்பை அந்த ஒரு தலைப்பாகை அவருக்கு உண்டாக்கிற்று. பெரியார் ஒருவரின் நூலிலே எளியவர் ஒருவர் பெயரோடும் முகத்தோடும் நிலைபெறுவது இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் நல்ல விடையாகும்.

டாக்டர் உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ 1940ஆம் ஆண்டு முதல் ‘ஆனந்த விகட’னில் வெளிவந்தது. 1942 ஏப்ரலில் அவர் மறைந்தமையால் அது முற்றுப்பெறவில்லை. 1950இல் நூலுருப் பெற்றது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்ட பெருமிதத்தோடு 1880ஆம் ஆண்டிலே சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்ற இளம் பேராசிரியர், தாம் கற்ற அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் எல்லாவற்றையும் அடுக்கிச் சொன்னார். முதலியார் வியக்கவில்லை, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். இல்லையென்றே விடை சொல்ல நேர்ந்தது. அந்த வெட்கமே ஐயரை ஏட்டுச்சுவடிகளின் பக்கம் திருப்பியது. 1887இல் சிந்தாமணி அச்சேறியது. தம் அறியாமை வெளிப்பட்ட நாளையே தம் வாழ்வின் திருப்புமுனையாக அவர் காட்டுகிறார். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை முதலாகப் பழந்தமிழ் நூல்களைக் காத்த பலரை அந்நூலிலே நேரிற் காண்பதுபோலக் காணலாம்.

இலங்கை வாசகருக்குச் சிறப்பாக உரிய நூல் லெனாட் வூல்ஃப் 1961ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘வளர்தல்’ எனப் பொருள்படும் ஆங்கில நூல். அவருடைய சுயசரிதை ஐந்து பாகங்களுள் அது இரண்டாவது. 1904ஆம் ஆண்டின் இறுதியிலே ஒரு நாயோடும் வால்டேயரின் நூற்றொகுதிகளோடும் அவர் கொழும்பில் வந்திறங்கினார். யாழ்ப்பாணம், கண்டி, அம்பாந்தோட்டை ஆகிய இடங்களிற் பணியாற்றி 1911இல் இந்நாட்டை விட்டுச் சென்றார். முத்துக்குளிப்புக் காலத்து மரிச்சுக்கட்டியும் யாழ்ப்பாணக் கச்சேரியும் அம்பாந்தோட்டை உப்பளங்களும் அந்நூலிற் காட்சி தருகின்றன. இளமையிலே நண்பருக்கு எழுதிய கடிதங்களின் பகுதிகளையும் எண்பது வயதை எட்டிய ஆசிரியர் சேர்த்துள்ளார். அவற்றிலே வெளிப்படும் செருக்கையும் சலிப்பையும் அவர் அழிக்க முயலவில்லை.

யாழ்ப்பாணத்து நிகழ்ச்சியொன்று நினைவிற் கொள்ளத்தக்கது. தெருவிலே குதிரைமேற் சென்றபோது வழக்கறிஞர் ஒருவரின் முகத்திலே சவுக்கால் அடித்தார் என்று வூல்ஃப் மீது ஆளுநரிடம் முறைப்பாடு சென்றது. தெருப்பக்கம் நீண்டிருந்த ஒரு திண்ணையை மேலதிகாரிக்குக் காட்டுதற்காகவே சவுக்கை நீட்டியதாக அவர் சொல்லுகிறார். குற்றமற்றவர் என்று எழுதியதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். அவ்வாறு நிறுத்தவில்லை. அந்த ஊர் மக்களின் தெருவிலே அவர்களுக்கு மேலாகக் குதிரைமீது நிமிர்ந்திருந்ததே அவர்கள் முகத்தில் அடித்ததற்கு ஒப்பாகும் என்பதைப் பின்னர் உணர்ந்ததாக எழுதுகிறார். அடிக்காத அடிக்கும் பொறுப்பேற்கும் இந்த இடத்திலே ஆட்சியாளர் ஒருவரின் மனம் மாறத் தொடங்குவதைக் காணலாம். எனினும் அது ஒரு பக்கத்துச் சாட்சியே. சவுக்கின் எதிரே நின்றவர் எழுதிய தன்வரலாறு அந்நூலுக்கு அருகே வைத்துப் படித்தற்கு இல்லை என்பதையும் வாசகர் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

நடிகர் சார்ளி சப்ளின் 1964இல் வெளியிட்ட சுயசரிதை, இத்தகைய நூல்களின் நிறைவையும் குறையையும் ஒருங்கே காட்டுவது. ஐந்து வயதிலே, பாடிக்கொண்டிருந்த தாயின் குரல் தளர்ந்துபோக, மேடையேற்றப்பட்ட சிறுவன் பாடுகிறான். சபையோர் நாணயங்களை வீசுகின்றனர். பாட்டை நிறுத்திவிட்டு அவன் காசு பொறுக்குகிறான், அனைவரும் சிரிக்கின்றனர். தாயின் உடைந்த குரலையும் அறியாமையால் அவன் பாடிக்காட்ட, அதற்கும் சிரிப்பு எழுகிறது. மகன் முதன்முதல் மேடையேறிய அந்த இரவோடு தாயின் மேடை வாழ்வு முடிகிறது. வறியோர் விடுதியும் பசியும் தாயின் மனநோயும் நிரம்பிய அப்பகுதிகள் படிப்போர் நெஞ்சைவிட்டு அகலா. புகழ் வந்தபின்னரோ பக்கங்களிலே பிரமுகர்களின் பெயர்கள் மலிகின்றன. 1931இல் இலண்டனிலே காந்தியடிகளைச் சந்தித்து இயந்திரங்களைப் பற்றி உரையாடியது போன்ற சில இடங்கள் சுவையுடையன. இரண்டாவது திருமணத்தைப் பற்றியோ, வளர்ந்த பிள்ளைகள் உளர் என்ற காரணம் கூறி, விவரம் சொல்லாது கடந்துவிடுகிறார். பிள்ளைகளின் பொருட்டு மௌனம் காத்தல் தந்தைக்கு அழகாகலாம். அந்த மௌனத்துக்குள் ஒரு பெண்ணின் வாழ்க்கையும் அடங்கிப்போயிற்று என்பதை வாசகர் மறத்தலாகாது.

இந்நூல்களை ஒருசேர நோக்கின் ஓர் உண்மை புலப்படும். பிழைகளைப் பட்டியலிட்ட அச்சாளரும், விசாரிக்கப்பட்ட சிறுமியும், பொன்னைத் திருடிய மகனும், விடை தெரியாது நின்ற பேராசிரியரும் தாழ்ந்து நின்ற இடங்களிலேதான் நூல்கள் உயர்ந்து நிற்கின்றன. ஒரு நூலைக் கையிலெடுப்பவர் முதலில் அத்தகைய பக்கம் ஒன்றைத் தேடிப்பார்க்கலாம். கிடைக்குமாயின் முழுவதையும் படிக்கலாம். கிடையாவிடின், நிழற்படங்களைப் பார்த்துவிட்டு நூல்நிலையத்திலே திருப்பிக் கொடுப்பதில் இழப்பொன்றுமில்லை. நல்ல நூலாயின், அதே காலத்தைப்பற்றி வேறொருவர் எழுதியதையும் தேடி உடன்வைத்துப் படித்தல் வேண்டும். ஒரு சாட்சியை மாத்திரம் கேட்டுத் தீர்ப்பளிப்பது எந்த நீதிமன்றத்துக்கும் பொருந்தாது. படிப்பவர் மனத்துக்கும் அது பொருந்தாது.