வயிற்றோட்டமும் நாகச்சத்தும்

வயல் செய்தவர்களுக்கு நாகம் புதிய பெயரல்ல. இளம்பயிரின் இலையில் துருப்பிடித்தாற்போலப் புள்ளி விழுந்து, பயிர் வளராமல் கட்டையாய் நின்றால், மண்ணில் நாகம் குறைவென்று கண்டு நாக சல்பேற்று இடுவோம். துத்தநாகம் என்பதும் இதுவே. இந்த நாகம் நமது உடலுக்கும் வேண்டும். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் போதும். அது குறைந்தால் பிள்ளையின் வளர்ச்சியும் குன்றும்.

இடம்பெயர்ந்து வந்த இடத்தில் பல குடும்பங்கள் ஒரே கிணற்றையும் ஒரே மலகூடத்தையும் பாவிக்கும்போது பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் இலகுவில் தொற்றுகிறது. சுகமாகிச் சில கிழமைகளில் மறுபடியும் வருகிறது. இதற்கு அசுத்த நீர் மட்டுமல்ல, நாகக் குறைவும் ஒரு காரணமாகலாம்.

குடலின் உட்சுவர் ஒரு வேலி போன்றது. அதிலுள்ள கலங்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதியவை உண்டாகின்றன. புதிய கலங்கள் உண்டாகவும், அவை ஒன்றோடொன்று நெருங்கி நிற்கவும் நாகம் தேவை. அது குறைந்தால் வேலியில் பொட்டு விழுகிறது. கிருமிகளின் நஞ்சு உட்புகுந்து குடலில் அழற்சி உண்டாகிறது. வயிற்றால் போகும்போது உடலிலுள்ள நாகமும் போய்விடுகிறது. உடலில் நாகத்துக்குப் பெரிய சேமிப்பு இல்லாததால் அடுத்த நோய்க்கு வழி திறக்கிறது.

இதனாலேயே, வயிற்றோட்டமுள்ள பிள்ளைக்கு ஜீவனி போன்ற கரைசலோடு நாகக் குளிசையும் 10 முதல் 14 நாட்கள் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2004இல் கூறின. அன்று கூறிய அளவு நாளுக்கு 20 மில்லிகிராம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 10. இந்தியாவிலும் தன்சானியாவிலும் நடந்து 2020இல் வெளியான ஆய்வு, 5 அல்லது 10 மில்லிகிராமும் அதேயளவு பயன் தருகிறது, வாந்தியும் குறைவு எனக் காட்டியது. ஆகவே அளவை வைத்தியரிடமே கேட்போம். வயிற்றோட்டம் நின்றாலும் அவர் சொன்ன நாள்வரை குளிசையை நிறுத்தக்கூடாது.

உணவில் என்ன செய்யலாம்?

- தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.
- நெத்தலி, நண்டு, முட்டை, இறைச்சி ஆகியவற்றில் உள்ள நாகம் உடலில் இலகுவில் சேரும். கிடைக்கும்போது சிறிதளவாவது பிள்ளையின் கோப்பையில் இடுங்கள்.
- பயறு, கௌபி, கச்சான், எள்ளு என்பவற்றிலும் நாகம் உண்டு. ஆனால் அவற்றிலுள்ள ஒரு பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பயறு, கௌபியை ஊறவைத்து முளைகட்டினால் அந்தப் பிடி தளரும். தோசை மாவைப் புளிக்கவைப்பதும் அவ்வாறே.

ஓர் எச்சரிக்கை: வயலுக்கு இடும் நாக சல்பேற்றை ஒருபோதும் மருந்தாகக் கொடுக்காதீர்கள். அது நஞ்சாகலாம். குளிசையையும் அளவுக்கு மிஞ்சிக் கொடுத்தால் வாந்தி வரும். நெடுநாள் கொடுத்தால் உடலில் செப்புச்சத்துக் குறையும்.

மலத்தில் இரத்தம், குழிவிழுந்த கண், குடிக்க இயலாமை, சோர்ந்து மயங்குதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் தாமதியாது ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். போகும் வழியிலும், பிள்ளை குடிக்கக்கூடிய நிலையில் இருந்தால், ஜீவனியைச் சிறிது சிறிதாகப் பருக்குங்கள். இழந்த நீரை ஈடுசெய்வதே முதல் வேலை. நாகம் அதற்குத் துணை, அதற்குப் பதிலல்ல.