இரண்டாவது கிளை திறக்குமுன் எழுத வேண்டிய நோட்டு

கிள்ளானிலோ சுங்கைப்பட்டாணியிலோ ஓர் உணவகம் நன்றாக ஓடுகிறது என்றால், பெரும்பாலும் அதன் முதலாளி காலை முதல் இரவு வரை கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள். யாருக்குக் கடன் தரலாம், எவரிடம் வெங்காயம் எடுக்கலாம், எந்தப் பணியாளுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறது, எல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். இரண்டாவது கிளை திறந்த பிறகுதான் சிக்கல். கடை இரண்டு, தலை ஒன்று.

நிர்வாக முறை என்பது பெரிய கம்பெனிகளின் சமாச்சாரம் என்று நினைக்கத் தேவையில்லை. தோட்டத்தில் வளர்ந்தவர்கள் அதைக் கண்ணால் பார்த்தவர்கள். விடியுமுன் பெரட்டு, யாருக்கு எந்த நிரை என்பது அங்கேயே முடிவாகும். மண்டோர் மரத்தின் வெட்டைப் பார்ப்பார். ஒவ்வொருவர் பாலையும் நிறுத்து, கிராணி கணக்கில் ஏற்றுவார். துரை லீவில் சீமைக்குப் போனாலும் மறுநாள் வேலை நடந்தது. அந்த முறை தொழிலாளியைக் கசக்கவும் பயன்பட்டது என்பது வேறு கதை.

சிறு கடைக்கு அவ்வளவு வேண்டாம். முதலில் பணம். மேலாளர் தம் பொறுப்பில் எவ்வளவு செலவு செய்யலாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். 200 வெள்ளி என்றால் 200 வெள்ளி. அதற்குள் அவர் எடுத்த முடிவுக்காக அவரை ஏசக்கூடாது. ஏசினால், மறுநாளிலிருந்து பல்பு மாற்றுவதற்கும் முதலாளிக்குப் போன் வரும். கல்லாவை எண்ணுபவரும் அதைச் சரிபார்ப்பவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது, மச்சானாக இருந்தாலும். சொந்தக்காரர் விஷயத்தில்தான் நம்மவர்கள் தளர்ந்துவிடுகிறார்கள். பிறகு கணக்குத் தகராறு குடும்பத் தகராறாகி, கல்யாண வீட்டில்கூட முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

அடுத்தது தேதி. மாதச் சம்பளம், மாதம் முடிந்த ஏழு நாளுக்குள் கொடுக்கப்பட வேண்டும் என்கிறது 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம். ஊழியர் சேமநிதி, சொக்சோ சந்தாக்களை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். யார் கட்டுவது, அவர் விடுமுறையில் இருந்தால் யார் என்று இரண்டு பெயர் நோட்டில் இருக்கட்டும். முதலாளி ஊருக்குப் போயிருந்தார் என்பதைக் காரணமாக ஏற்கமாட்டார்கள்.

சமையல் அளவும் அப்படித்தான். எத்தனை பேருக்கு எவ்வளவு பருப்பு, எவ்வளவு புளி என்று எழுதாத கடையில், சமையல்காரர் விலகினால் ருசியும் அவரோடு போய்விடும்.

புதுக்கிளைக்கு முன்பணம் கட்டுமுன், முதலாளி ஒரு வாரம் கடைப்பக்கம் போகாமல் இருந்து பார்க்கலாம். என்னென்ன கேட்டுப் போன் வருகிறதோ, அவைதான் நோட்டில் இன்னும் எழுதாமல் விட்டவை.