உஷார் மேனேஜர்களே! காதைக் கடிப்பவர் கம்பெனியைக் கவிழ்ப்பார்

"சார், உங்ககிட்ட மட்டும் சொல்றேன்..." என்று ஒருவர் தினமும் உங்கள் கேபினுக்குள் வருகிறாரா? அவர் பேச்சை வைத்தே ஓவர்டைம், இன்கிரிமென்ட் எல்லாம் முடிவு செய்கிறீர்களா? கும்மிடிப்பூண்டி, தேர்வாய்க்கண்டிகை சிப்காட், காக்களூர் சிட்கோ மேனேஜர்களே, உஷார்!

மேலிடத்தில் கோள் எடுபடுகிறது என்று தெரிந்த நாளே லைனில் நிற்பவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். உண்மை உங்களிடம் வராது. வதந்தி ஷிப்ட் பஸ்ஸிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும் பறக்கும்.

வதந்தியின் வேகத்தை நம் மாவட்டமே பார்த்திருக்கிறது. 2021 டிசம்பரில், பூந்தமல்லி அருகே விடுதியில் தங்கி சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலைக்கு வேலைக்குப் போன பெண்களுக்கு விடுதிச் சாப்பாடு விஷமானது. 159 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். யாரும் இறக்கவில்லை, ஆனால் இறந்துவிட்டார்கள் என்ற பேச்சு பரவி, பெண்கள் திரண்டு சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். மூடிய ஆலை 2022 ஜனவரி 12-ல்தான் திறந்தது. நிர்வாகத்தின் வார்த்தையை நம்பாத இடத்தில் வதந்தியே செய்தியாகிவிடும்.

இவை தெரிந்தால் விழித்துக்கொள்ளுங்கள்:

* ஒரே சூப்பர்வைசரின் ஆட்களுக்கே ஓவர்டைம் கிடைக்கிறது.
* பர்மனென்ட், கான்ட்ராக்ட், உள்ளூர், வடமாநிலம் என்று கேன்டீனில் கோஷ்டி பிரிகிறது.
* மீட்டிங்கில் மௌனம். வாசல் டீக்கடையில் புலம்பல்.
* கைதேர்ந்த ஆபரேட்டர் காரணம் சொல்லாமல் பேப்பர் போடுகிறார்.

உடனே செய்ய வேண்டியவை:

* கோள் வந்தால், "இதை அவர் முன்னாலேயே சொல்வீர்களா?" என்று கேளுங்கள். மற்றவரையும் விசாரிக்காமல் முடிவெடுக்காதீர்கள். பாலியல் தொல்லைப் புகார் மட்டும் விதிவிலக்கு: அந்தப் பெண்ணை எதிரில் நிறுத்தாமல், உள்ளகக் குழுவிடம் அனுப்புங்கள். 10 பேர் வேலை செய்யும் இடத்திலேயே அந்தக் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ம் ஆண்டுச் சட்டம்.
* ஓவர்டைம், ஷிப்ட் பட்டியலை நோட்டீஸ் போர்டில் தமிழிலும் இந்தியிலும் ஒட்டுங்கள்.
* 20 தொழிலாளர் இருந்தாலே, இரு தரப்பும் சம எண்ணிக்கையில் அமரும் குறைதீர்ப்புக் குழு கட்டாயம். அது காகிதத்தில் தூங்கினால் இந்த வாரமே கூட்டுங்கள்.
* யார் கோஷ்டியிலும் சேராதீர்கள். உங்களுக்கென்று ஒரு கோஷ்டியும் சேர்க்காதீர்கள்.

இன்றைக்கே லைனுக்கு இறங்குங்கள். உங்கள் கேபின் பக்கமே வராதவரிடம் முதலில் பேசுங்கள்.