புது சோபாவுக்கு ‘கறை மருந்து’ அடிக்கலாமா? இரண்டே சொட்டில் தெரிந்துவிடும் குட்டு!

கள்ளக்குறிச்சி –

“சோபா வந்து மூணு நாள் ஆகலே, அதுக்குள்ள பய சாம்பாரைக் கொட்டிட்டானே!”

புது சோபா இறங்கிய வீட்டில் எல்லாம் கேட்கும் குரல் இது. இந்தப் பயத்தை வைத்தே ஒரு வியாபாரமும் நடக்கிறது. “கூடக் கொஞ்சம் காசு போடுங்கண்ணே, கறையே ஒட்டாத கோட்டிங் அடிச்சுத் தந்துடறோம்” என்பார்கள்.

மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் கள்ளக்குறிச்சி. மரத்துக்கு எந்த பாலீஷ் போடலாம் என்று இங்கே சின்னப் பையனும் சொல்வான். மெத்தைத் துணிக்கும் தரை விரிப்புக்கும் என்ன அடிப்பது என்பதில்தான் குழப்பம்!

ஷூ மேல் விழுந்த சொட்டு

இந்தக் கோட்டிங் பிறந்ததே ஒரு விபத்தில்தான். 1953-ல் அமெரிக்காவின் ‘3எம்’ கம்பெனி ஆய்வுக்கூடத்தில் ஓர் உதவியாளரின் கேன்வாஸ் ஷூ மேல் ரசாயனம் சிந்தியது. சோப்பு போட்டும் அது போகவில்லை. நாளாக நாளாக ஷூ முழுக்க அழுக்கேறியது. சிந்திய இடம் மட்டும் பளிச்சென்று இருந்தது!

பேட்சி ஷெர்மன் என்ற பெண் விஞ்ஞானியும் சாம் ஸ்மித் என்பவரும் அதை ஆராய்ந்தார்கள். 1956-ல் ‘ஸ்காட்ச்கார்டு’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. புளோரின் கலந்த அந்த ரசாயனம் தண்ணீரையும் ஒட்ட விடாது, எண்ணெயையும் ஒட்ட விடாது. உலகமே வாங்கிக் குவித்தது.

ரத்தத்தில் கலந்தது!

பின்னாளில் குட்டு வெளிப்பட்டது. துணியில் அடித்த சரக்கின் மிச்சம் உலகம் பூராவும் ஜனங்களின் ரத்தத்தில் இருந்தது! ‘பி.எப்.ஓ.எஸ்.’ என்ற அந்த ரசாயனம் மண்ணிலும் தண்ணீரிலும் லேசில் அழியாது. உடம்பில் ஏறினால் பாதியாகக் குறையவே பல வருஷம் ஆகும்.

2000-ம் ஆண்டு மே மாதம் அதன் உற்பத்தியைக் கைவிடுவதாக ‘3எம்’ கம்பெனியே அறிவித்தது. 2009-ல் ஸ்டாக்ஹோம் சர்வதேச உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் அது சேர்ந்தது. அதன் பங்காளியான ‘பி.எப்.ஓ.ஏ.’ புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று 2023-ல் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி மையம் அறிவித்தது.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 2025 ஜனவரி 1 முதல், இந்த இனத்து ரசாயனங்களை வேண்டுமென்றே சேர்த்த தரை விரிப்பு, மெத்தை வைத்த நாற்காலி, துணிப் பூச்சு எதையும் விற்கக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது.

தரையில் தவழ்ந்து விளையாடி, அதே கையை வாயில் வைக்கும் குழந்தை உள்ள வீட்டுக்காரர்கள் இதை முக்கியமாக யோசிக்க வேண்டும்.

இரண்டு சொட்டு சோதனை

கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி, நீங்களே பார்த்துவிடலாம். துணியின் மாதிரித் துண்டு ஒன்று கேட்டு வாங்குங்கள். அதன் மேல் ஒரு சொட்டு தண்ணீர், தள்ளி ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விடுங்கள்.

இரண்டும் முத்து மாதிரி நின்றால், பெரும்பாலும் புளோரின் சரக்கு.

தண்ணீர் நின்று, எண்ணெய் ஊறினால், சிலிக்கோன் அல்லது மெழுகு வகை. காபி, டீக்கு இது கை கொடுக்கும். பஜ்ஜி எண்ணெய்க்குக் கொடுக்காது.

இரண்டுமே ஊறினால் ஒன்றுமே அடிக்கவில்லை என்று அர்த்தம். ‘கோட்டிங் அடிச்சாச்சு’ என்று சொன்னால் நம்பாதீர்கள்!

டப்பாவில் ‘புளோரின் இல்லாதது’ என்று அச்சிட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அந்தக் காசு உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

எதற்கு எது?

ரெக்சின் சோபாவுக்கு எந்த ஸ்பிரேயும் வேண்டாம். ஈரத் துணியால் துடைத்தாலே போதும்.

துணி அந்துப்பூச்சியின் புழு தின்பது கம்பளி, பட்டு போன்றவற்றைத்தான். பாலியஸ்டர் சோபாவுக்கு ‘பூச்சி மருந்து கோட்டிங்’ என்று காசு வாங்கினால் அது வீண் செலவு.

பவானி ஜமக்காளம் போன்ற பருத்தி விரிப்புக்கு எதிரி ஈரமும் அழுக்கும்தான். நன்றாகத் தட்டி, காயவைத்துச் சுருட்டினால் வருஷக் கணக்கில் உழைக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சணம் பிடிப்பதை எந்தக் கறை மருந்தும் தடுக்காது. கல்வராயன் மலை கிராமங்களில் இருப்பவர்கள் சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் காற்றுப் போக இடம் விட வேண்டும். வெயில் வந்தால் மெத்தையை வெளியே எடுத்துப் போடுவது நல்லது.

அடித்தே தீருவேன் என்பவர்களுக்கு

கதவு, ஜன்னலைத் திறந்து வைத்து அடிக்க வேண்டும். ஸ்பிரே புகையைச் சுவாசித்தால் நுரையீரலுக்கு ஆபத்து. பல டப்பாக்களில் உள்ளது தீப்பற்றும் சரக்கு; அடுப்பு, விளக்கு பக்கத்தில் கூடாது. காயும் வரை குழந்தைகளை அண்ட விடாதீர்கள்.

முதலில் மறைவான மூலையில் அடித்து, சாயம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். செதுக்கு வேலை செய்த மரச் சோபா என்றால் மெத்தையைக் கழற்றித் தனியாக அடிப்பது நல்லது. மரத்தின் மேல் பட்டால் பாலீஷ் மங்கலாம்.

ஒரு தடவை அடித்தால் ஆயுசுக்கும் நிற்காது. உட்கார்ந்து எழுந்து, துடைத்துத் துவைக்கும்போது தேய்ந்து போகும்.

கைவைத்தியம் இருக்கே!

காபி கொட்டினால் தேய்க்காதீர்கள். வெள்ளைத் துணியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுங்கள்.

எண்ணெய் பட்டால் உடனே மைதா அல்லது முகப் பவுடரைத் தூவி, அரை மணி நேரம் கழித்துத் தட்டிவிடுங்கள்.

சாம்பாரின் மஞ்சள் கறையா? சோப்பு போட்டு அலசி வெயிலில் காட்டுங்கள். மஞ்சளின் நிறம் சூரிய ஒளியில் தானாக வெளுக்கும்.

எல்லாவற்றையும் விட மலிவான பாதுகாப்பு ஒன்று உண்டு. ஸ்பிரேக்குக் கேட்கும் பணத்தில், கழற்றித் துவைக்கிற மாதிரி ஜிப் வைத்த பருத்தி உறை தைத்துக் கொள்ளலாம். அழுக்கானால் உறையைத் துவைக்கலாம். ரத்தத்தில் ஏறியதைத் துவைக்க முடியாது!